எழுதுவது எவருக்காக?

(நமது மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கலையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். பொருளோ கடல் போன்றது. தந்த நேரமோ சொற்பம். ஆகவே அக்கடலில் ஒரு கை நீரை மட்டும் அள்ளிக்கொள்கிறோம். எழுதுகிறவன், பாடுகிறவன், நாடகம் போடுகிறவன் தன் நெஞ்சின் ஆசைக்காக மட்டும் அதைச் செய்தால் போதுமா? அன்றித் தன்னைப் படிப்பதற்கும் கேட்பதற்கும் ஒரு கூட்டத்தைத் தானே தேடிச் சேர்க்கவும் வேண்டுமா? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

இது வீண் தர்க்கம் அன்று. இந்த மலருக்கு விஷயதானம் கேட்டு நாம் கினிகத்தேனையிலும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் வீடு வீடாகச் சென்றபோது இரண்டு விதமான மறுமொழி கிடைத்தது. நான்கு கொப்பி நிறையக் கவிதை வைத்திருக்கும் ஓர் இளைஞர், "இவை என் மன ஆறுதலுக்காக எழுதினவை, அச்சில் வரவேண்டும் என்ற ஆசை எனக்கில்லை" என்றார். நன்றாகப் பாடக்கூடிய இன்னொருவர், "மலரை எத்தனை பேர் படிப்பார்கள்? யூடியூப்பில் போட்டால் ஒரே இரவில் ஆயிரம் பேர் பார்ப்பார்கள்" என்றார். இருவரும் திறமையுள்ளவர்கள், இருவர் கூற்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரிடமிருந்தும் மலருக்கு ஒரு வரியும் வரவில்லை. ஒருவருக்கு வாசகரே வேண்டாம். மற்றவருக்கு நம்மைப் போன்ற சிறு கூட்டம் போதாது. இவ்விரண்டு மனப்பான்மையையும் சற்று நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது மனப்பான்மையை இகழ்வதற்கில்லை. நமது மலைகளில் முதன்முதல் தோன்றிய இலக்கியம் அத்தகையதே. 1820களில் தொடங்கி, முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் மூதாதையர், தலைச்சுமையோடு பாட்டையும் சுமந்து வந்தார்கள். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, காமன் கூத்துப் பாட்டு, கொழுந்து எடுக்கும்போது அலுப்புத் தெரியாமற் பாடிய பாட்டு, கங்காணியைக் கேலி செய்து அவன் முதுகுக்குப் பின்னாற் பாடிய பாட்டு என்று இவை பலவகைப்படும். இவற்றை இயற்றியவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பாடினவளே கேட்டவள்; கேட்டவளே அடுத்த அடியைக் கட்டினவள். காசுக்கும் பாடவில்லை, பேருக்கும் பாடவில்லை. அன்பினாலும் துன்பத்தினாலும் மட்டும் பிறந்த கலைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

எனினும், அன்பர்களே, அவற்றுள் எத்தனை பாட்டு ஒரு பாட்டியின் மூச்சோடு முடிந்து போயிற்று! இன்று நம் கையில் எஞ்சியுள்ளவற்றுட் பல, ஒருவர் லயம் லயமாகக் கேட்டு எழுதிவைத்ததால் எஞ்சியவை. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூல் 1983இல், அவர் மறைவதற்கு முந்திய ஆண்டில், வெளிவந்தது. பாடினவள் தன் மனத்துக்காகப் பாடினாள். அதைச் சுமந்து நம்மிடம் சேர்க்க இன்னொருவர் நடக்க வேண்டியிருந்தது.

சைவ உலகம் நன்கறிந்த கதையும் இதையே சொல்கிறது. தில்லையிலே பூட்டிய அறையில் கிடந்த தேவார ஏடுகளிற் பெரும்பகுதியைச் செல் அரித்துவிட்டதென்றும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் எஞ்சியவற்றையே மீட்டனர் என்றும் திருமுறை கண்ட புராணம் கூறும். மூவருக்கும் புகழாசை இருந்ததென்று எவரும் சொல்லார். ஆயினும் பூட்டிய அறையில் வைத்தால் தெய்வப் பாடலையும் செல் அரிக்கும்.

இனி, கேட்போரைத் தேடிச் சென்றவர்களைப் பார்ப்போம். இதற்கு நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. இங்கிருந்து மலைப்பாதையில் ஏறினால் வரும் ஹட்டன் நகரமே போதும்.

தஞ்சாவூரிலிருந்து இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யர் கொழும்பில் 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தியவர்; பின்பு ஹட்டனை இருப்பிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தவர்; 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதி. இவற்றையெல்லாம் அரசியல் வரலாற்றில் நாம் படித்திருக்கிறோம். ஆனால் அவர் எழுத்தாளரும் ஆவார் என்பதை மறந்துவிடுகிறோம். நாவல் எழுதினார், நாடகம் எழுதினார், துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். அக்காலத்தில் தோட்டம் என்பது துரையின் கோட்டை. அனுமதியின்றி அந்நியர் உள்ளே புகுவது குற்றம். படிக்கத் தெரிந்தவரோ லயத்துக்கு ஒருவர் இருவர். வாசகர் இருக்கும் இடத்துக்குப் போகவே வழியில்லாத எழுத்தாளர் அவர்! என்ன செய்தார்? புடவை வியாபாரி வேடம் பூண்டு, மூட்டையைத் தோளில் தூக்கித் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையின் தொண்டு இன்னும் வியக்கத்தக்கது. தொழிலாளர் பலருக்கு எழுத்து வாசனை இல்லை என்பதை அவர் கண்டார். எழுதிய கட்டுரை எட்டாத காதுக்குப் பாட்டு எட்டும் என்று தெளிந்தார். மக்கள் ஏற்கெனவே வாயில் முணுமுணுத்துக்கொண்டிருந்த மெட்டுக்களிலே சொற்களை அமைத்தார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவரது சிறு பாட்டுப் புத்தகம் 1940இல் வெளிவந்தது. அச்சிட்டுவிட்டு வீட்டில் இருக்கவுமில்லை. கூட்டங்களிலே தாமே நின்று பாடினார். பெண் ஒருத்தி மேடையேறிப் பாடுவதை ஊர் எவ்வாறு நோக்கியிருக்கும் என்பதை இங்குள்ள தாய்மார்கள் எளிதில் உணர்வார்கள்.

அவர் பாட்டு நெஞ்சின் அன்பிலே பிறந்ததா? கூட்டம் சேர்ப்பதற்காகப் பிறந்ததா? இரண்டையும் பிரிக்க முடியவில்லை அன்றோ! எவர்மீது வைத்த அன்பினால் பாட்டுப் பிறந்ததோ, அவரையே தேடி அது நடந்தது. கேட்போரைத் தேடுதல் என்பது இங்கே விளம்பரம் அன்று. அன்பின் இரண்டாம் பாதி.

அவர்களுக்குப் பின்னும் நம் மலைகளிலே பாடிப் பிழைத்த கவிராயர்கள் சிலர் இருந்தார்கள். தோட்டத்து நிகழ்ச்சிகளைப் பாட்டாகக் கட்டி, சிறு புத்தகமாக அச்சிட்டு, சம்பள நாளிலும் திருவிழாவிலும் பாடிப் பாடிச் சில சதங்களுக்கு விற்றார்கள். அவர்களுக்குப் பதிப்பாளரும் இல்லை, புரவலரும் இல்லை. பாட்டு நன்றாக இல்லையேல் அன்றிரவு சாப்பாடு இல்லை. இன்று 'சுயாதீனக் கலைஞர்' என்று புதுப் பெயரால் வழங்குகிறோமே, அந்தத் தொழிலை அவர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள்.

இப்போது சி. வி. அவர்களிடம் மீண்டும் வருவோம். 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். ஹட்டனில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் பயின்றவர். அவருடைய முதற் காதல் ஆங்கிலக் கவிதை. 1934இல் கவி தாகூர் இலங்கைக்கு வந்தபோது, இருபது வயது நிரம்பும் தறுவாயில் இருந்த இவ்விளைஞர் தம் இசை நாடகத்தை அவர் கையிற் கொடுத்தார் என்பர். ஆயிரம் பேரை அவர் தேடவில்லை. ஒரே ஒரு வாசகரைத் தேடினார். அந்த ஒருவர் எப்பேர்ப்பட்டவர் என்று பாருங்கள்!

1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றோர் ஆக்கியது. அந்தத் துயரின் மத்தியிலே அவர் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதைகள் வெளியுலகத்தாரின் கவனத்தைக் கவர்ந்தன. ஆனால் ஒரு முள் அவர் நெஞ்சில் தைத்திருக்க வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். எவளுடைய முதுகு வளைவதைப் பாடினாரோ, அவளுக்கு அக்கவிதை புரியாது! சக்தீ அ. பாலஐயா அவர்கள் அதைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கிய பிறகே அது லயத்துக்குத் திரும்பி வந்தது. பின்னாளில் சி. வி. அவர்கள் தமிழிலே கதை எழுதினார். 'வீடற்றவன்' முதலிய அவரது நாவல்கள் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தன. பத்திரிகைத் தாள் எங்கெங்கு போனதோ அங்கெல்லாம் கதையும் போயிற்று. 'வீடற்றவன்' நூல் வடிவம் பெற்றது 1981இலேயே. நூலாகும்வரை அவர் காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மலைக்கு வெளியேயும் ஓர் உதாரணம் காட்டுவோம். யாழ்ப்பாணத்தில் சலூனிலே முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே சிறுகதை எழுதியவர் டொமினிக் ஜீவா. 1966இல் 'மல்லிகை' என்ற மாசிகையைத் தொடங்கினார். தாமே ஆசிரியர், தாமே விற்பனையாளர். பிரதிகளைக் கையில் ஏந்தித் தெருத்தெருவாக நடந்து விற்றார். போரும் இடப்பெயர்வும் வந்தும் விடவில்லை. 2012 வரையில் 400 இதழ்களுக்கு மேல் வெளியிட்டார். 2021இல் அவர் காலமானபோது நாடெங்கும் உள்ள எழுத்தாளர் 'என் முதற் கதையை மல்லிகையில் போட்டவர்' என்று நினைவுகூர்ந்தனர். அவர் கட்டிய கூட்டம் தமக்காக மட்டும் கட்டிய கூட்டமன்று.

அமெரிக்க நாட்டிலே ஒரே காலத்தில் வாழ்ந்த இரு கவிகளையும் ஈண்டு ஒப்பிடலாம். எமிலி டிக்கின்சன் அம்மையார் ஏறக்குறைய 1800 கவிதைகள் எழுதினார். வாழ்நாளில் அச்சேறியவை பத்தளவே. 1886இல் அவர் இறந்தபின் தங்கை பெட்டியைத் திறந்து பார்த்திராவிடின் உலகுக்கு அவரைத் தெரிந்திராது. வால்ட் விட்மனோ 1855இல் தம் நூலைத் தம் செலவிலே அச்சிட்டார். சில பக்கங்களுக்குத் தாமே எழுத்துக் கோத்தார். போதாக்குறைக்குத் தம் நூலைப் புகழ்ந்து பெயரில்லாமல் தாமே மதிப்புரையும் எழுதினார்! (இந்தக் கடைசிக் காரியத்தை மட்டும் நம் இளைஞர் பின்பற்ற வேண்டாம்.) இருவரும் மகாகவிகளே. கதவை மூடியதாலோ திறந்ததாலோ கவிதை பிறக்கவில்லை. ஆனால் நம் லயங்களிலே அம்மையாருக்குக் கிடைத்தது போன்ற தங்கையும் பெட்டியும் எல்லார்க்கும் வாய்க்குமா? மழை ஒழுகும் கூரையின் கீழே கொப்பி எத்தனை ஆண்டு தாங்கும்? கினிகத்தேனை மழையை அறிந்தவர்களுக்கு நாம் அதைச் சொல்லவேண்டியதில்லை.

நம் பாரதியும் தம் பாட்டை மூடி வைக்க எண்ணியவரல்லர். 1920ஆம் ஆண்டில் தம் எழுத்துக்களையெல்லாம் நாற்பது நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதி அச்சிட்டு, தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல வீடுதோறும் பரப்பத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டு எழுதினார். பணம் சேரவில்லை, அடுத்த ஆண்டு அவரும் மறைந்தார். திட்டம் தோற்றது உண்மை. ஆனால் வாசகரை விரும்புவது கவிக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள் அதைச் சற்றே சிந்திக்கட்டும்.

இவ்வளவும் கேட்டபின், "அப்படியாயின் கூட்டம் சேர்ப்பதே குறி, எண்ணிக்கை பெருகப் பெருகக் கலையும் பெருகும்" என்று எவரேனும் முடிவு கட்டுவாராயின், அவர்களை ஒரு கணம் கொழுந்து மடுவத்துக்கு அழைக்கிறோம்.

நம் தாய்மார்களுக்கு நிறுவையின் கதை நன்கு தெரியும். குறித்த கிலோ இருந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். காலை முதல் மாலை வரை மழையிலும் அட்டையிலும் நின்றது தராசுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது பாரம் ஒன்றே. பாரம் ஒன்றையே குறியாகக் கொண்டு பறித்தால் என்ன ஆகும்? இரண்டு இலையும் ஒரு மொட்டும் வரவேண்டிய கூடையில் முற்றல் இலையும் காம்பும் வந்து சேரும். கூடை நிறையும், தேயிலை கெடும். கைப்பேசியிலே தோன்றும் எண்ணிக்கையும் அத்தகைய ஒரு தராசே. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விரும்பினார்கள் என்று அது நிறுத்துச் சொல்லும். எவர் மனம் இளகியது, எவர் ஒரு கெட்ட வழக்கத்தை விட்டார், எந்தத் தாய் தன் மகளை மேலே படிக்க அனுப்பத் துணிந்தாள் என்பதை அது சொல்லாது. எமக்குத் தெரிந்த ஒரு பாடகர் முதலில் தோட்டத்துப் பாட்டுக்களைப் பாடி வெளியிட்டார். பிறகு பார்ப்போர் தொகை குறைகிறதென்று சினிமாப் பாட்டுக்கு மாறினார். பின்பு வேடிக்கைக் காட்சிக்கு மாறினார். தொகை அப்பாலும் குறைந்தபோது பாடுவதையே நிறுத்திவிட்டார். அவர் மனத்துக்கு அரைப்பேர் போட்டது எந்தத் துரையுமல்ல, அந்த எண்ணிக்கையே.

மறுபுறத்தையும் சொல்லவேண்டும். நல்ல கொழுந்தாகவே பார்த்துப் பறித்து, அதைச் சாக்கில் அமுக்கி மலையிலேயே விட்டுவிட்டால்? சூடேறிச் சிவந்துபோகும். அன்றைய கொழுந்து அன்றே ஸ்டோருக்குப் போய்ச் சேரவேண்டும். நல்ல கொழுந்தும் வேண்டும். காலத்தில் சேர்ப்பதும் வேண்டும். முதலாவது எழுதுகிறவனின் அன்பு. இரண்டாவது அவனுடைய கடமை.

மிஷன் பாடசாலையிற் பயின்ற எமக்கு, விளக்கை ஏற்றி மரக்காலின் கீழ் வைப்பாரில்லை என்ற உவமையைச் சிறு வயதிலே போதித்தார்கள். வீட்டிலோ, கருமத்தைச் செய், பலனிற் பற்று வையாதே என்ற கீதையின் உபதேசத்தைக் கேட்டு வளர்ந்தோம். இவை ஒன்றுக்கொன்று முரண் என்று ஒரு காலத்தில் வாதிடுவோரும் எம்முடன் இருந்தனர். ஆழ்ந்து நோக்கின் முரண் இல்லை. பலனை எண்ணிப் பதறாதே என்றுதான் கீதை சொல்கிறது. விளக்கை மூடி வை என்று சொல்லவில்லை. ஏற்றுவதும் கருமம், உயர்ந்த இடத்தில் வைப்பதும் கருமம். எத்தனை பேர் வந்து வெளிச்சம் பெற்றார்கள் என்று வாசலில் நின்று எண்ணுவதே பற்று.

ஆகையால், எம் வயதொத்த நண்பர்களுக்குச் சில யோசனைகள் கூறுகிறோம்.

முதலாவதாக, எழுதியதை அச்சுக்கு முன் காதுக்குக் கொடுங்கள். தாய்க்கோ, லயத்து அண்டை வீட்டுக்காரருக்கோ வாசித்துக் காட்டுங்கள். எவரைப் பற்றி எழுதினோமோ அவருக்குப் புரியாத இடத்தில் பேனா இடறியிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, வயிற்றுப் பாட்டைப் பேனாவின் மேல் ஏற்றாதீர்கள். 'நாமிருக்கும் நாடே' தந்த தெளிவத்தை ஜோசப் அவர்கள் தனியார் கம்பனியிலே கணக்கு வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022இல் மறையும்வரை மலையகத்தையே எழுதினார். சம்பளம் வேறிடத்தில் வந்ததால் அவர் எழுத்து எவர்க்கும் கைகட்டி நிற்கவில்லை.

மூன்றாவதாக, முந்நூறு பிரதி அச்சிட்டால் முந்நூறையும் கைப்படக் கொண்டுபோய்க் கொடுக்கத் துணியுங்கள். வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதுங்கள். வெளியீட்டு விழாவிலே பொன்னாடையும் முதற்பிரதியுமாக ஒரு மாலை கழிந்து, எஞ்சிய கட்டுக்கள் கட்டிலின் கீழ் உறங்குவது நம் நாட்டு நூல்கள் பலவற்றின் தலைவிதி. யூடியூப்பையும் முகநூலையும் வெறுக்க வேண்டாம். நடேசய்யர் இன்றிருந்தால் புடவை மூட்டைக்குப் பதிலாகக் கைப்பேசியையே தூக்கியிருப்பார். ஆனால் மூட்டை வேறு, அதற்குள் மறைத்துக்கொண்டுபோன செய்தி வேறு என்பதை அவர் ஒருபோதும் மறந்திரார்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. "கவிதை சோறு போடுமா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி, பசியை அறிந்தவர்கள் கேட்கும் கேள்வி. ஆயினும் நம் பிள்ளை ஒரு நூல் வெளியிட்டால் "எனக்கொரு இனாம் பிரதி இல்லையா தம்பி?" என்று கேட்பதை விட்டு, விலை கொடுத்து ஒன்று வாங்குங்கள். வாங்கியதைப் படித்து, நல்லதை நல்லதென்றும் பிழையைப் பிழையென்றும் சொல்லுங்கள். வர்த்தகராகிய துரை விஸ்வநாதன் அவர்கள் 1997இல் தம் பொருளைச் செலவிட்டு மலையகச் சிறுகதைகளைத் தொகுப்பாக வெளியிட்டதால்தான், பழைய பத்திரிகைகளில் மறைந்து கிடந்த கதைகள் பல எம் தலைமுறைக்குக் கிடைத்தன. எழுதுகிறவன் பாதி வழி நடந்தால், படிக்கிறவர் மறுபாதி வழி நடந்து வரவேண்டும்.

2023இல் நம் மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அவ்வழியில் மாண்டவர்களுட் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை. பெயர்ப் பதிவும் இல்லை. அவர்கள் கதையை நாம் எழுதாவிடில் எழுதுவோர் வேறு யார்? எழுதி, நாமே வைத்துக்கொண்டால் அதனால் பயன்பெறுவோர் யார்? அன்போடு எழுதுவோம். எழுதியதை எடுத்துக்கொண்டு நடப்போம். எத்தனை கதவு திறக்கும் என்று எண்ணாமல், அடுத்த கதவைத் தட்டுவோம்.